பெயர் கூப்பிடாத பள்ளிக்கூடம்

முப்பத்தொன்று. கூடத்துக்குள் கால் வைத்ததுமே அக்கா எண்ணி முடித்துவிட்டார். நடுவில் ஒருவர் செருப்பைக் கழற்றக் குனிந்ததால் சந்தேகம் வந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். தன்னையும் சேர்த்து முப்பத்தொன்றுதான். எல்லாரும் நரைத்தவர்கள், அல்லது நரைக்கத் தொடங்கியவர்கள். ஆளுக்கொரு பள்ளிக்கூடத்தைத் தாங்களே தொடங்கி, தாங்களே பெருக்கி, சாயங்காலம் தாங்களே பூட்டிவிட்டுப் போகிறவர்கள். தொலைந்துபோகிற வயதில் ஒருவரும் இல்லை. ஆனாலும் எண்ணாமல் ஓர் அறையில் உட்கார அக்காவால் இப்போதெல்லாம் முடிவதில்லை.

மாற்றுப் பள்ளிகள் நடத்துகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை மூன்று நாள் கூடுகிற கூட்டம் அது. அக்கா கற்றுக்கொள்ள வரவில்லை. பள்ளிக்கூடத்தை இழுத்து மூடப்போகிறேன், என்னிடம் இருக்கும் பதினெட்டுப் பிள்ளைகளில் யாரையாவது நீங்கள் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிட்டுப் போகத்தான் வந்திருந்தார்.

அக்கா என்பது அவருக்கு ஊரே வைத்த பெயர். பிள்ளைகளுக்கு அக்கா, அவர்களைப் பெற்றவர்களுக்கும் அக்கா. பள்ளிக் கட்டட உரிமையாளருக்கு எழுபது வயது, அவருக்கும் அக்கா. கணவர் மட்டும் ‘ரிஜிஸ்டர்’ என்று கூப்பிடுவார். அதற்குக் காரணம் இருந்தது.

பெரிய பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் பதினாறு வருடம் வருகைப் பதிவேடு பார்த்தவர் அக்கா. ஆயிரத்து நூறு பிள்ளைகள். ஆசிரியர் வராத வகுப்புக்கு அவரே போய்ப் பெயர் கூப்பிடுவார். தலை நிமிராமல் கூப்பிட்டால் நாற்பது பெயருக்கு இரண்டு நிமிடம். இருந்தால் கோடு, இல்லாவிட்டால் வட்டம். தொடர்ந்து பதினைந்து வட்டம் விழுந்தால் சிவப்பு மையால் பெயரை அடித்துவிட வேண்டும். ஒருநாள், அப்படி அடிக்கப்பட்ட ஒரு பெண்பிள்ளை நோயிலிருந்து எழுந்து வந்து அலுவலக ஜன்னலில் நின்றாள்.

“உன் பேரு இதுல இல்லம்மா” என்றார் அக்கா.

அவள் எக்கிப் பார்த்தாள். “இதோ இருக்கே. கோட்டுக்கு அடியில.”

அன்று மத்தியானச் சோறு அக்காவுக்கு இறங்கவில்லை. அடுத்த வருடம் வேலையை விட்டார். பழைய மரச்சாமான் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, எட்டுப் பிள்ளைகளோடு தன் பள்ளியைத் தொடங்கினார். அங்கே மணி கிடையாது, மதிப்பெண் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, பெயர் கூப்பிடுவது கிடையாது. வருகிற பிள்ளை வரும், பிடித்த இடத்தில் பிடித்த வேலையைச் செய்யும். ‘நாங்கள் யாரையும் எண்ணுவதில்லை’ என்று பெற்றோரிடம் அக்கா சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை தட்டும். ஒன்பது வருடம் அப்படித்தான் ஓடியது.

ஆறு வாரத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, எட்டு வயதுப் பெண் ஒருத்தி பதினோரு மணிக்குப் பரணில் ஏறினாள். எந்தப் பொந்திலும் நுழைந்துவிடுவாள் என்பதால் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். படப்புத்தகம் பார்த்துக்கொண்டே அங்கேயே தூங்கிவிட்டாள். ஓவியம் சொல்லித் தருகிற தம்பி, வெளிச்சுவரில் வண்ணம் அடிக்க ஏணியை எடுத்துக்கொண்டு போனான். பரணுக்குக் கீழே பிள்ளைகள் அலமாரிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்க அந்தச் சத்தம்தான்.

நாலு மணிக்குச் சுண்டெலியின் அம்மா வந்தாள். துணி வெளுக்கும் கூடத்தில் வேலை முடித்து நேராக வருகிறவள். “எங்க என் பொண்ணு?” என்று கேட்டாள்.

கணக்கு டீச்சர் தோட்டத்தைக் காட்டினார். ஓவியத் தம்பி சமையலறையைக் காட்டினான். அக்கா ஆணி அடிக்கிற இடத்தைக் காட்டினார். மூன்று கைகள் மூன்று பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பதை அந்த அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளை பரணுக்குக் கீழே பலகைக் குவியலுக்குப் பின்னால் கிடந்தாள். குதித்திருக்கிறாள். இடது கை முழங்கைக்குக் கீழே மடங்கியிருந்தது. அழுது முடித்து, அழுகை வற்றி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தாள்.

அந்த அம்மா கத்தவில்லை. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு ஒரு வாரம் கழித்து, பிள்ளையைத் திரும்பவும் கொண்டுவந்து விட்டாள். “பாத்துக்குங்க” என்று ஒரே ஒரு சொல். நாலு பேர் நடுவில் திட்டியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார். அந்த ஒரு சொல்தான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

அன்றிலிருந்து அக்கா எண்ணத் தொடங்கினார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாய்க்குள் ஒன்று, இரண்டு, மூன்று. பரணை மூடினார். பின்கதவைப் பூட்டினார். கழிப்பறைக்குப் போன பிள்ளை வெளியே வரும்வரை வாசலில் நின்றார். “அக்கா, பதினெட்டுப் பேரும் இருக்கோம், நீங்க போய்த் தண்ணி குடிங்க” என்று பெரிய பிள்ளைகள் கேலி செய்தார்கள். சின்னவர்கள் செய்யவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவர்கள் விளையாட்டை நிறுத்தினார்கள். சுண்டெலி வாசற்படியை விட்டு நகர்வதே இல்லை.

“மூடிடறேங்க. என்னால முடியல” என்றார் அக்கா ஒரு நாள்.

கணவர் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கிறவர். கையில் கிரீஸோடு கொஞ்ச நேரம் யோசித்தார். “மூடறதுன்னா மூடு. உன் பள்ளிக்கூடம். ஆனா அந்தக் கூட்டத்துக்குப் போயி ஒருத்தர்கிட்டயாவது வாயத் தொறந்து சொல்லிட்டு மூடு, ரிஜிஸ்டர். எங்கிட்ட சொல்லி என்ன? நான் மோட்டாருக்குத்தான் வைத்தியம் பாக்கறவன்.”

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. அங்கே யாரும் சொற்பொழிவு ஆற்றக்கூடாது. ‘உங்கள் பள்ளியின் எந்த விதிக்காக நீங்கள் சண்டை போடுவீர்கள்?’ என்று ஆறு மாதம் முன்பே படிவம் வரும். வந்த பதில்களில் இரண்டைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். முதல் இரண்டு நாளும், நாளுக்கு ஒன்றாக, வந்திருக்கிற அத்தனை பேரும் அந்த விதிப்படி இருக்க வேண்டும். மூன்றாம் நாள் கலைந்து போவார்கள். அக்கா படிவத்தில் எழுதியிருந்தார்: நாங்கள் பெயர் கூப்பிடுவதில்லை, யாரையும் எண்ணுவதில்லை.

இரண்டாம் நாளுக்கு அவருடைய சீட்டு விழுந்திருப்பதாகக் கடிதம் வந்தபோது, சுண்டெலியின் கையில் கட்டுப் போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. வேண்டாம் என்று சொல்ல நாலு தடவை போனை எடுத்தார். நாலு தடவையும் எதிரே ‘ஹலோ’ கேட்டதும் வைத்துவிட்டார்.

கூட்டம் நடந்த இடம் ஒரு பழைய சோப்புத் தொழிற்சாலை. அதைப் பள்ளியாக்கி நடத்துகிறவருக்குத் தாடி என்று பெயர். பிள்ளைகளுக்கு லீவு விட்டிருந்தார். சுவரெல்லாம் இன்னும் சோப்பு வாசனை. ஆள் உயரக் கொப்பரைகள், இரும்புப் படிக்கட்டு, மொட்டை மாடி, பின்னால் தண்ணீர்த் தொட்டி. அக்காவின் கண் முதலில் தொட்டிக்குத்தான் போனது. மூடி இருந்தது. அப்புறம்தான் மூச்சு வந்தது.

முதல் நாள் விதி ரொட்டிக்காரருடையது. ரொட்டிக் கடைக்குப் பின்னால் பள்ளி நடத்துகிறவர். அவருடைய பள்ளியில் பெரியவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் மூன்று தடவை உரக்கச் சொல்ல வேண்டும். காலையிலிருந்து கொப்பரைகளுக்கு நடுவே “தெரியாது! தெரியாது! தெரியாது!” என்று எதிரொலித்துக்கொண்டே இருந்தது. பழைய பேருந்துப் பணிமனையில் அறுபது பிள்ளைகளை மேய்க்கிற ஒரு வயதான அம்மா இருந்தார். எல்லாரும் அவரைக் கறாரம்மா என்றார்கள். “சாப்பாடு எப்ப வரும்?” என்று அவர் கேட்டதற்கு, தாடி மூன்று தடவை கத்தியபோது கூடமே உருண்டு சிரித்தது. அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எண்ணினார்.

இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அக்கா எழுந்து நின்றார். “எங்க பள்ளிக்கூடத்துல... பேர் கூப்பிட மாட்டோம். யார் எங்க இருக்காங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. பிடிச்ச இடத்துக்குப் போகலாம்.” அதற்கு மேல் வரவில்லை.

“அவ்வளவுதானா? இதுக்கா ஆறு மாசம் காத்திருந்தோம்?” என்றார் ரொட்டிக்காரர். ஐந்தே நிமிடத்தில் கூடம் காலியாகிவிட்டது.

வெற்றுக் கூடத்தில் அக்கா தனியாக நின்றார். விதி அவருடையது; மற்றவர்கள் மீறலாம், அவர் மீறக்கூடாது. பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தார். பிறகு எழுந்து நடந்தார். சும்மா நடக்கிற மாதிரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. தோட்டத்தில் ஒன்பது பேர். படிக்கட்டில் நாலு. மாடியில் ரொட்டிக்காரர், கைப்பிடிச் சுவரே இல்லாத ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு. “கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்களேன்” என்று கெஞ்சினார் அக்கா. “விதியில அப்படி இல்லையே” என்றார் அவர். இருபத்தாறு. இருபத்தெட்டு. அடுத்த சுற்றில் இருபத்தைந்து.

பதினொன்றரைக்கு முப்பது. ஒன்று குறைந்தது.

கறாரம்மாவைக் காணவில்லை. அக்கா கண்ணில் பட்டவர்களைக் கேட்டார். தாடி தோட்டத்தைக் காட்டினார். ஒருவர் மாடியைக் காட்டினார். இன்னொருவர், “இப்பதானே சமையலறைப் பக்கம் போனாங்க” என்று கையை நீட்டினார்.

மூன்று பக்கம் மூன்று கைகள். அக்கா தொட்டிக்கு ஓடி மூடியைத் தூக்கினார். தண்ணீரில் தன் முகம்தான் தெரிந்தது. சமையலறைக்கு ஓடினார். அங்கே கிடந்த பெரிய அண்டா மூடியை எடுத்து, கரண்டியால் அடிக்கத் தொடங்கினார். மணியே இல்லாத பள்ளிக்காரர் அடித்த அடியில் காக்கைகள் பறந்தன.

எல்லாரும் ஓடி வந்தார்கள். கடைசியாக, வெளிக் கொப்பரைக்குப் பின்னாலிருந்து, கலைந்த தலைமுடியோடு கறாரம்மா வந்தார். “யார் செத்தது? இப்பத்தான் கண்ணசந்தேன்.”

அக்கா கரண்டியைக் கீழே போட்டார். அப்படியே சமையலறை வாசலில் உட்கார்ந்து சொன்னார். பதினாறு வருடப் பதிவேடு, ஆயிரத்து நூறு பெயர், பரண், ஏணி, ஆணிச் சத்தம், மூன்று கைகள், மாவுக்கட்டு எல்லாவற்றையும். மூடப்போவதையும் சொன்னார். பிள்ளைகளை யார் எடுத்துக்கொள்வீர்கள் என்றும் கேட்டார்.

தாடி தரையில் உட்கார்ந்தார். “இதுல உங்க தப்பு மட்டும்னு சொல்ல முடியாது—”

“அவ தப்புதான்” என்றார் கறாரம்மா. “சமாதானம் சொல்லிக் கெடுக்காத.” அக்காவின் பக்கம் திரும்பினார். “ஏம்மா, காலைல ஒரு தடவ பேர் கூப்பிட்டா என்ன கெட்டுப்போயிடும்?”

“ஜெயில் மாதிரி ஆயிடுங்க.”

“யாருக்கு ஜெயில்? அந்தப் பிள்ளைங்க யாராச்சும் சொன்னாங்களா? நீ ஒரு ஆபீஸ்ல உக்காந்து கோடு போட்டுக் கோடு போட்டு வெறுத்துப்போன. அதுக்கு இவங்க என்ன பண்ணுவாங்க? அந்த விதி பிள்ளைங்களுக்குப் போட்டதா, உனக்குப் போட்டதா?”

அக்கா தரையில் கிடந்த கரண்டியைப் பார்த்தார். “தெரியாது” என்றார்.

“மூணு தடவ சொல்லணும்” என்று பின்னாலிருந்து ரொட்டிக்காரர் மெல்லச் சொன்னார். இரண்டு பேர் அவரை முறைத்தார்கள். ஆனால் அக்காவுக்கே ஒரு சிரிப்பு, அழுகையோடு சேர்ந்து, மூக்கு வழியாக வந்தது.

ரொட்டிக்காரர் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தார். கேலி இல்லாமல் கேட்டார். “அந்தப் பொண்ணு அஞ்சு மணி நேரம் மேல என்ன பண்ணிச்சு?”

அக்கா யோசித்தார். ஆறு வாரமாக அந்தப் பிள்ளையை ஒரு நாளைக்கு நாற்பது தடவை எண்ணியிருக்கிறார். அவளைக் கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லிவிடுவாளோ என்ற பயம் எண்ணத் தொடங்கிய நாளிலிருந்தே கூட இருந்திருக்கிறது. இப்போதுதான் அது தெரிந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு, கொப்பரைக்குப் பின்னால் நிழலில் நின்று சுண்டெலியின் அம்மாவுக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் துவைக்கும் இயந்திரத்தின் இரைச்சல். லீவு என்பதால் பிள்ளை அம்மாவோடு வேலை இடத்தில்தான் இருந்தாள்.

“அன்னைக்கு மேல இருந்தப்ப என்ன பண்ணினான்னு அவகிட்ட கேக்கலாமான்னு...” என்று அக்கா இழுத்தார்.

அந்த அம்மாவின் குரல் தணிந்தது. “கேளுங்க. எங்கிட்ட அவ சொல்லல. எனக்கும் கேக்கப் பயமாத்தான் இருந்துச்சு.”

சுண்டெலியின் மூச்சு போனில் கேட்டது.

“முதல்ல தூங்கினேன். எந்திரிச்சா ஏணி இல்ல. கத்தினேன். அவங்க ஆணி அடிச்சுக்கிட்டே இருந்தாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் பேர் கூப்பிட்டேன்.”

“யார் பேரு?”

“எல்லார் பேரும். குட்டிப் பசங்கள்ல இருந்து வரிசையா. பதினேழு பேரும். அப்புறம் ஓவியண்ணா, டீச்சர். கடைசியா உங்க பேரு. உங்க நிஜப் பேரு. யாராச்சும் ‘இருக்கேன்’னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன்.”

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“யாரும் சொல்லல. அதனால என் பேர நானே கூப்பிட்டேன். நானே ‘இருக்கேன்’னு சொல்லிக்கிட்டேன். அப்ப கொஞ்ச நேரம் பயம் போயிடுச்சு. அப்புறம் திரும்ப வந்துச்சு. அதான் குதிச்சேன்.”

இயந்திரம் நின்றது. பிள்ளையின் குரல் திடீரென்று கிட்டத்தில் கேட்டது. “அக்கா, நீங்க எண்ணும்போது நான் எத்தனாவது?”

“அது... நீ எங்க நிக்கறியோ அதப் பொறுத்துடா.”

“எண்ணாதீங்க. நீங்க எண்ணும்போது வயித்துக்குள்ள ஒரு மாதிரி பண்ணுது. பேர் கூப்பிடுங்க.” பிறகு, “திங்கக்கிழமை பள்ளிக்கூடம் இருக்கா?”

இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தார். இருக்கிறது என்று சொன்னால் மறுபடி பதினெட்டு உயிர், மறுபடி பரண், மறுபடி நாலு மணி. அந்தப் பயம் போகப்போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராத ஒரு பிள்ளை ‘இருக்கா’ என்று கேட்கிறாள்.

“இருக்கு” என்றார். “கூப்பிடறேன்.”

மூன்றாம் நாள் காலை கறாரம்மா ஆட்களின் பட்டியலைக் கொண்டுவந்து அக்காவின் கையில் திணித்தார். “பதினாறு வருஷம் தப்பாப் பழகின வாய். இங்கயே ஒரு தடவ போட்டுப் பாரு.”

முதல் ஐந்து பெயர்கள் பழைய வேகத்தில் வந்தன. “குனிஞ்சுக்கிட்டுக் கூப்பிடற. நான் என்ன தரையிலயா இருக்கேன்?” என்றார் தாடி. அக்கா நிமிர்ந்தார். ஒரு பெயர், பிறகு ஒரு முகம், பிறகு அடுத்தது. பழக்கமில்லாத வேலை. முகத்தைப் பார்த்துவிட்டால் உடனே தாளுக்குத் திரும்ப முடியவில்லை. இன்னொருவர் இருமிக்கொண்டே ‘இருக்கேன்’ என்றார். மாத்திரை போட்டீர்களா என்று கேட்கத் தோன்றியது, கேட்டார். ரொட்டிக்காரர், “இருக்கேன், ஆனா பசியில இருக்கேன்” என்றார். மற்ற முப்பது பேருக்கும் இருபது நிமிடம் ஆயிற்று.

“இந்த வேகத்துல ஆயிரத்து நூறு பேரக் கூப்பிட்டா ராத்திரி ஆயிடும்” என்றார் தாடி.

“அதான் பதினெட்டு வெச்சிருக்கா” என்றார் கறாரம்மா. “அந்தப் பரணுக்கு ஏணிய ஆணி அடிச்சு இறுக்கு. யாரும் எடுக்கக் கூடாது. பயம் போகாது, சொல்லிட்டேன். எனக்கு முப்பது வருஷமாப் போகல.”

திங்கட்கிழமை காலை, கிடங்கின் நடுக் கூடத்தில் அக்கா நின்றார். பரணுக்கு ஏணியை ஓவியத் தம்பி அடித்து இறுக்கியிருந்தான். இனிமேல் பெயர் கூப்பிடப் போகிறேன் என்றதும் பெரிய பிள்ளைகள், “என்னக்கா, பெரிய பள்ளிக்கூடம் ஆயிட்டோமா?” என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டார்கள். சுண்டெலி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா வேலைக்குப் போகாமல் வெளியே நின்றுகொண்டிருந்தாள். நேரம் ஆகிவிட்டது, கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அக்கா குட்டிகளிலிருந்து தொடங்கினார். கூப்பிட்டார், பார்த்தார், காத்திருந்தார். ஒரு குட்டி மேசைக்கடியிலிருந்து பதில் சொன்னது. இன்னொன்று சிரித்துச் சிரித்து மூன்று தடவை சொன்னது. நாலாவது பெயருக்குப் பதில் இல்லை. கூடம் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அடுத்த பெயருக்குப் போகவில்லை. கணக்கு டீச்சர் அந்த வீட்டுக்குப் போன் செய்து பேசிவிட்டு, “காய்ச்சலாம். கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருக்கானாம்” என்று சொல்லும்வரை கூடமே காத்திருந்தது. “வீட்டுல இருக்கான்” என்று அக்கா எல்லாருக்கும் சொன்னார்.

அதற்கு அடுத்தது சுண்டெலி. அக்கா அவளுடைய நிஜப் பெயரைக் கூப்பிட்டார்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை கூப்பிடுகிறாரா என்று பார்ப்பது போல அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா இன்னொரு தடவை கூப்பிட்டார்.

“இருக்கேன்” என்றாள்.

வெளியே நின்ற அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்தைப் பிடிக்க ஓடினாள். அக்கா அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.